ஒரு படி எங்கே முடிகிறது?

புத்தலப்பட்டில் கர்நூல் சாலையை விட்டுப் பிரிந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில், பாகாலா மண்டலத்தைச் சேர்ந்த காதங்கி என்ற கிராமம் இருக்கிறது. சுற்றிலும் குன்றுகள். அவற்றுக்கு நடுவே 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, 1024 யாகி ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மும்பையிலுள்ள சமீர் நிறுவனம் வடிவமைத்த எம்.எஸ்.டி. ரேடார் அது. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண், முதலில் நிறுவியபோது 2.5 மெகாவாட் உச்சத் திறன். 1990களின் தொடக்கத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. அதை மையமாகக் கொண்டு வளர்ந்த நிலையம்தான் இன்று தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் என்ற பெயரில் விண்வெளித் துறையின் கீழ் இயங்குகிறது. திருப்பதியின் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறை மாணவர்களே இந்த ரேடாரின் தரவை வைத்து ஆய்வு செய்து பட்டம் பெற்றிருக்கிறார்கள்.

எனக்கு வீடு புத்தலப்பட்டு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, திரையில் பைத்தான். இதுபோன்ற காற்றளக்கும் ரேடார்களின் தரவைக் கையாளும் நிரல்களை எழுதுவது என் தொழில். ஒரு நீண்ட தரவு வேலையை எப்படிப் படிகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு படியையும் ஒரு மெத்தடாக எப்படி எழுதுவது என்பதே அந்தத் தொழிலின் பாதி. அந்தப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். காதங்கி ரேடாரை உதாரணமாக எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள். எங்கள் சாலையோரம் இருக்கிறது என்பது ஒன்று. அதன் கணக்கு புத்தகங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் முழுதாகத் திறந்து கிடக்கிறது என்பது மற்றொன்று.

முதலில் அந்த ரேடார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 53 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5.66 மீட்டர். அதில் பாதியளவு, அதாவது 2.83 மீட்டர் அளவில் காற்றில் இருக்கும் ஏற்ற இறக்கங்கள் அந்த அலையில் மிகச் சிறிய பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. மேகமும் மழையும் தேவையில்லை, தெளிந்த வானமே எதிரொலி தரும். காற்று நகர்ந்துகொண்டிருந்தால் எதிரொலியின் அதிர்வெண் சற்று மாறும். அதுதான் டாப்ளர் விலகல். நம் அலைநீளத்துக்கு 1 ஹெர்ட்ஸ் விலகல் என்றால் நொடிக்கு 2.83 மீட்டர் வேகம். ரேடார் தன் கற்றையை நேர் மேலேயும், கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு நோக்கி 10 பாகை சாய்த்தும் மாறி மாறி அனுப்பும். இந்தக் கற்றைகளின் விலகல்களிலிருந்து காற்றின் மூன்று கூறுகளையும் கணக்கிடலாம்.

இனி எண்களுக்கு வருவோம். வழக்கமான ஓர் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். ஆயிரம் மைக்ரோநொடிக்கு ஒரு துடிப்பு, 64 துடிப்புகளைக் கூட்டி ஒரு புள்ளி, 512 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு எஃப்.எஃப்.டி., அதாவது அந்தக் காலத்தொடரை அதிர்வெண்களின் நிறமாலையாக மாற்றும் கணக்கு. உயரத்தை 150 மீட்டர் தடிமனுள்ள 150 அடுக்குகளாகக் கொள்வோம். ஒரு கற்றைக்கு 32,768 துடிப்புகள், ஏறத்தாழ 33 நொடிகள். அடுக்குகளால் பெருக்கினால் 49 லட்சத்துச் சொச்சம் கலப்பெண்கள். 64 துடிப்புகளைக் கூட்டியதும் அது 76,800 கலப்பெண்களாகிறது. நிறமாலை எடுத்து அதன் திறனைக் கணக்கிட்டால் 76,800 மெய்யெண்கள். ஒவ்வொரு அடுக்கின் நிறமாலையிலிருந்தும் மொத்தத் திறன், சராசரி டாப்ளர், அகலம் என்ற மூன்று மொமென்ட்களை எடுத்தால் மிஞ்சுவது 450 எண்கள். அரை கோடியில் ஆரம்பித்து நானூற்றைம்பதில் முடிகிற இந்தப் பாதையை நாங்கள் பைப்லைன் என்கிறோம்.

என்னிடம் வேலை பழக வரும் மாணவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் இதை ஒரே மெத்தடாகத்தான் எழுதுவார்கள். உள்ளே ஒரு கோப்பு, வெளியே ஒரு படம். நடுவில் நூற்றுக்கணக்கான வரிகள். ஐராலாவிலிருந்து வந்த ஒரு பையனிடம் இதைப் பிரித்து எழுதச் சொன்னேன்.

“சார், பிரிச்சுட்டேன். பதினெட்டு மெத்தட் வந்திருக்கு.”

“எதை வெச்சுப்பா பிரிச்சே?”

“ஒரு மெத்தட் இருபது வரியைத் தாண்டக் கூடாதுன்னு காலேஜ்ல சொன்னாங்க சார்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. சிறிய மெத்தட் படிக்கச் சுலபம்தான். ஆனால் இருபது வரி என்பது படிப்பவரின் கண்ணுக்கான அளவு. தரவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தரவு வேலையில் ஒரு படி எங்கே முடிய வேண்டும் என்பதைத் தரவே சொல்லும். எங்கே ஒரு தகவல் திரும்பி வராதபடி கைவிடப்படுகிறதோ, அந்த இடத்தில்தான் மெத்தடின் எல்லை இருக்க வேண்டும். இத்தனை ஆண்டு வேலையில் நான் உறுதியாக நம்பும் ஒன்று இது. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

எங்கள் சித்தூர்ப் பக்கம் பால் சொசைட்டி இல்லாத ஊர் குறைவு. வரிசையில் நிற்பவரின் பாத்திரத்திலிருந்து முதலில் சாம்பிள் எடுத்து ஃபேட் பார்ப்பார்கள், அப்புறம்தான் பால் பொதுக் கேனில் விழும். கேனில் ஊற்றிய பிறகு எந்த மாட்டுப் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று எந்த மெஷினாலும் சொல்ல முடியாது. கூட்டுவதும் சராசரி எடுப்பதும் வர்க்கம் எடுப்பதும் அப்படிக் கேனில் ஊற்றும் வேலைகள்தான். ஊற்றுவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல்தான் மெத்தடின் எல்லை.

நம் பைப்லைனை இந்தக் கண்ணால் ஒருமுறை நடந்து பார்க்கலாம். 64 துடிப்புகளைக் கூட்டுவது முதல் இழப்பு. காற்று மெதுவாக நகர்வதால் அடுத்தடுத்த துடிப்புகளின் எதிரொலிகள் கிட்டத்தட்ட ஒரே கட்டத்தில் இருக்கும், கூட்டும்போது வலுப்படும். இரைச்சல் அப்படி வலுப்படாது. 1974-இல் வுட்மனும் கியெனும் பெரு நாட்டின் ஹிகாமார்க்கா ரேடாரில் தெளிந்த வானத்தின் காற்றை அளந்து காட்டிய காலத்திலிருந்து இந்த உத்தி இந்தத் துறையின் அடித்தளமாக இருக்கிறது. அன்றைய கணினிகளால் ஒவ்வொரு துடிப்பையும் தனியாக வாங்கிச் செரிக்க முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம். கூட்டியதற்கான விலை, வேகமான அதிர்வுகளை இழப்பது. 64 மில்லிநொடிக்கு ஒரு புள்ளி என்றால் 7.8 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பார்க்க முடியாது. நொடிக்கு 22 மீட்டர் கற்றை வேகம் வரை போதும் என்ற முடிவை நாம் இங்கே எடுத்துவிட்டோம்.

அடுத்தது எஃப்.எஃப்.டி. கூலியும் டியூக்கியும் 1965-இல் வெளியிட்ட வழிமுறை. பார்ப்பதற்குப் பெரிய மாற்றம். காலம் போய் அதிர்வெண் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு துளியும் இழக்கப்படவில்லை. எதிர்த்திசையில் நடந்தால் பழைய 512 புள்ளிகள் அப்படியே திரும்பக் கிடைக்கும். எனவே எஃப்.எஃப்.டி.யைத் தனி மெத்தடாக எழுதுவது நம் விருப்பம்தான், கட்டாயமில்லை.

அதற்கு அடுத்த வரி, வெறும் ஒரே வரி, கலப்பெண்ணின் அளவை வர்க்கமாக்குவது. அந்த ஒற்றை வரியில் கட்டம் முழுவதும் போய்விடுகிறது. எனக்கு இந்தப் பைப்லைனின் மிக முக்கியமான எல்லை இதுதான். இந்தச் சுவருக்கு முன்னால் இருக்கும் வேலைகள் பெரும்பாலும் நேரியல் வேலைகள். அனுப்பும் துடிப்பில் பொதித்த குறியீட்டை அவிழ்க்கும் வேலையை, கூட்டுவதற்கோ எஃப்.எஃப்.டி. எடுப்பதற்கோ முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம், விடை மாறாது. பல ரேடார்களில் முதலில் கூட்டிவிட்டுப் பிறகு குறியீட்டை அவிழ்க்கிறார்கள், கணக்கு மிச்சமாகிறது என்பதற்காக. சுவரைத் தாண்டிய பிறகு அந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே படிகளின் வரிசை மாறினால் விடை மாறும். அந்தப் பையனின் பதினெட்டு மெத்தட்களில் எஃப்.எஃப்.டி.க்கு இரண்டு மெத்தட் இருந்தது. வர்க்கமெடுப்பதோ கோடு வரையும் மெத்தடுக்குள் எங்கேயோ மறைந்திருந்தது.

சுவருக்கு அப்பால் நடக்கும் வேலைகளில் இரைச்சல் மட்டத்தைக் கணிப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த படி. ஒரு நிறமாலையில் எது காற்றின் எதிரொலி, எது வெறும் இரைச்சல் என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். கண்ணால் பார்த்துக் கோடு போடலாம். ஆனால் 150 அடுக்கு, ஐந்து கற்றை, நாள் முழுக்க என்றால் அது நடக்காது. 1974-இல் ஹில்டிபிராண்ட், சேகோன் என்ற இருவர் இதற்கு ஒரு வழி கொடுத்தார்கள். இன்றும் உலகம் முழுவதும் புழங்குகிறது. அதன் அழகே அது ஒன்றே ஒன்றைத்தான் நம்புகிறது என்பதில் இருக்கிறது. வெள்ளை இரைச்சலின் திறன் நிறமாலையில் புள்ளிகளின் பரவற்படி, அவற்றின் சராசரியின் வர்க்கத்துக்குச் சமம். பல நிறமாலைகளைச் சராசரி எடுத்திருந்தால் அந்தப் பரவற்படி அத்தனை மடங்கு குறையும். ஆகவே 512 புள்ளிகளையும் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கு. கீழிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வா. சேர்த்தவரை உள்ள புள்ளிகள் வெள்ளை இரைச்சலைப் போல நடந்துகொள்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சோதி. எந்தப் புள்ளியில் சோதனை உடைகிறதோ, அங்கிருந்து எதிரொலி தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளவற்றின் சராசரியே இரைச்சல் மட்டம்.

பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிவிடலாம். ஆனால் அந்தச் சோதனைக்குள் ஒரு எண் உட்கார்ந்திருக்கிறது: எத்தனை நிறமாலைகளைச் சராசரி எடுத்தோம் என்பது. அது இந்தப் படியில் பிறக்கும் எண் இல்லை, முந்தைய படியில் பிறந்தது. நான்கு நிறமாலைகளைச் சராசரி எடுத்துவிட்டு, இரைச்சல் மெத்தடுக்கு ஒன்று என்று சொன்னால், அது பிழை எதுவும் காட்டாது. நான்கு மடங்கு அதிகமான பரவற்படியை இரைச்சல் என்றே ஒப்புக்கொள்ளும். பலவீனமான எதிரொலிகளை இரைச்சலோடு சேர்த்து விழுங்கிவிடும். மேல் உயரங்களில்தான் எதிரொலி பலவீனம். அங்கே காற்றே இல்லை என்பதுபோல வெற்றிடங்கள் வரும். பார்ப்பவர் ரேடாருக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொள்வார். ரேடார் ஒழுங்காகத்தான் அளந்திருக்கும்.

இதைவிட நுட்பமான இன்னொரு கண்ணியும் உண்டு. நிறமாலை கரடுமுரடாக இருக்கிறது என்று, இரைச்சல் படிக்கு முன்னால் மூன்று புள்ளிகளைச் சேர்த்து வழவழப்பாக்கும் ஒரு மெத்தடை யாராவது செருகுவார்கள். படம் அழகாக வரும். ஆனால் வழவழப்பாக்கிய நிறமாலையில் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை, பரவற்படியும் குறைந்துவிடும். ஹில்டிபிராண்டும் சேகோனும் நம்பிய அந்த ஒரே விஷயம் இப்போது உண்மையில்லை. ஒவ்வொரு மெத்தடையும் தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. வரிசையில்தான் தவறு. பைப்லைன் வேலையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். கோளாறு மெத்தடுக்குள்ளே இருக்காது, இரண்டு மெத்தட்களுக்கு நடுவில் இருக்கும்.

இதற்கு நான் கண்ட வழி, எண்களைத் தனியாக அனுப்பாமல், அவற்றின் வரலாற்றையும் சேர்த்து அனுப்புவது. என் நிரலில் நிறமாலை என்பது வெறும் 512 எண்களின் பட்டியல் இல்லை. எத்தனை துடிப்பு கூட்டியது, எத்தனை நிறமாலை சராசரி, எந்தக் கற்றை, என்ன அலகு, வழவழப்பாக்கியதா இல்லையா, எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டே போகும். இரைச்சல் மெத்தட் தனக்கு வேண்டிய எண்ணைத் தானே அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். வழவழப்பாக்கிய நிறமாலை வந்தால் வேலை செய்ய மறுக்கும். நெட்சிடிஎஃப் கோப்புகளில் ஹிஸ்டரி என்றொரு இடம் வைத்திருப்பதும் இந்த நோக்கத்தில்தான். பலர் அதை நிரப்புவதே இல்லை. வருத்தமான விஷயம்.

யுனிக்ஸின் பைப்பை நினைத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். பெல் ஆய்வகத்தின் டக் மக்கில்ராய் 1964-லேயே நிரல்களை ஒன்றோடொன்று கோத்து இணைக்க வேண்டும் என்று எழுதினார். 1973-இல் கென் தாம்ப்சன் அதை யுனிக்ஸில் செய்து முடித்தார். அதன் பலமே ஒரு நிரலுக்கு முந்தைய நிரலைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை என்பதுதான். வார்த்தைகளை எண்ணவும் வரிசைப்படுத்தவும் அது போதும். அளவீட்டுத் தரவுக்கு அது போதாது. ஒரு நிறமாலை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதில் இரைச்சலைக் கணிக்கவே முடியாது.

அடுத்து டி.சி. நீக்கம். காதங்கியைச் சுற்றிக் குன்றுகள் என்று சொன்னேன் அல்லவா? குன்று நகராது. அதன் எதிரொலி பூஜ்ஜிய அதிர்வெண்ணில் ஊசிபோல் நிற்கும், பல நேரம் காற்றின் எதிரொலியைவிட உயரமாக. எந்த அடுக்கிலும் மிக உயர்ந்த முகட்டைத் தேடும் மெத்தட் அதைப் பிடித்துக்கொண்டு, காற்று நிற்கிறது என்று அறிவிக்கும். எனவே பூஜ்ஜியப் புள்ளியையும் அதன் அண்டைப் புள்ளிகளையும் எடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவற்றின் சராசரியால் அந்த இடத்தை நிரப்புவது வழக்கம். சாய்ந்த கற்றைகளில் இதனால் பெரிய நஷ்டமில்லை. தென்மேற்குப் பருவத்தில் நம் தலைக்கு மேல் 16 கிலோமீட்டர் வாக்கில் வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று வீசும். 1958-இல் கோட்டேஸ்வரம் என்ற இந்திய வானிலையாளர் விரிவாக எழுதிய அதே காற்று. அது நொடிக்கு 40 மீட்டர் வீசினால், 10 பாகை சாய்ந்த கற்றைக்கு அதில் 6.9 மீட்டர்தான் தெரியும். அதிர்வெண்ணில் அது ஏறத்தாழ 2.4 ஹெர்ட்ஸ். பூஜ்ஜியத்திலிருந்து எண்பது புள்ளிகள் தள்ளி நிற்கும், பயமில்லை.

நேர் மேலே பார்க்கும் கற்றையில் கதை வேறு. தெளிந்த வானில் செங்குத்துக் காற்று நொடிக்குச் சில சென்டிமீட்டர், சில பத்து சென்டிமீட்டர். நிறமாலையின் ஒரு புள்ளி என்பது நொடிக்கு 8.6 சென்டிமீட்டர். பூஜ்ஜியத்துக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு புள்ளிகளை எடுத்துவிட்டால், நொடிக்கு 17 சென்டிமீட்டருக்குள் இருக்கும் செங்குத்துக் காற்று மொத்தமும் குன்றோடு சேர்ந்து போய்விடும். அதாவது நாம் தேடிய பொருளையே குப்பையோடு கொட்டிவிட்டோம். அதனால் என் டி.சி. மெத்தட் எந்தக் கற்றை என்று கேட்காமல் வேலை செய்யாது. நேர் மேல் கற்றைக்குத் தனி முடிவு, அதை எடுத்ததற்கான காரணத்தை மெத்தடின் தலையில் தமிழில் ஒரு பத்தியாகவே எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் படியை இரைச்சல் படிக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்பதும் ஒரு முடிவு. நான் முன்னால் வைக்கிறேன். நிரப்பிய புள்ளிகள் சராசரியால் ஆனவை, உண்மையான இரைச்சலின் ஏற்ற இறக்கம் அவற்றில் இருக்காது. எனவே அவற்றைக் குறித்து வைத்து, இரைச்சல் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். இதுவும் தரவோடு ஒட்டிப் போக வேண்டிய வரலாறு.

இனி கிளாஸ், மெத்தட் என்ற அமைப்பைப் பற்றி. புதிதாக எழுதுபவர்கள் ரேடார் என்றொரு கிளாஸ் போடுவார்கள். அதற்குள் படி, கூட்டு, நிறமாலை, இரைச்சல், மொமென்ட், காற்று என்று வரிசையாக மெத்தட்கள். ஒவ்வொன்றும் எதையும் வாங்காது, எதையும் திருப்பித் தராது. செல்ஃபுக்குள் இருப்பதை எடுத்து, மாற்றி, செல்ஃபுக்குள்ளேயே வைக்கும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். முதன்மை நிரலில் ஆறே வரிகள். ஆனால் அந்த ஆறு வரிகளின் வரிசையைக் காப்பது யார்? மூன்றாவதை இரண்டு முறை கூப்பிட்டால் என்ன ஆகும்? நான்காவதை விட்டுவிட்டு ஐந்தாவதைக் கூப்பிட்டால்? நிரல் ஒன்றும் சொல்லாது. போன தடவை ஓடியபோது செல்ஃபில் தங்கியிருந்த பழைய இரைச்சல் மட்டத்தை எடுத்துப் புதிய கோப்பின் மொமென்ட்டைக் கணக்கிட்டுத் தரும். எண்கள் நம்பும்படியாகவே இருக்கும்.

நான் அந்த ஒற்றை ரேடார் கிளாஸை எழுதுவதில்லை. ஒவ்வொரு இழப்புக்கும் அப்பால் கிடைக்கும் பொருளுக்கு ஒரு கிளாஸ். காலத்தொடர் ஒன்று, நிறமாலை ஒன்று, மொமென்ட் ஒன்று, காற்று ஒன்று. நான்கே. காலத்தொடரில் நிறமாலை எடுக்கும் மெத்தட் இருக்கும், அது புதிய நிறமாலைப் பொருளைத் திருப்பித் தரும், பழையதைத் தொடாது. நிறமாலையில் டி.சி. நீக்கம், இரைச்சல், மொமென்ட் ஆகிய மெத்தட்கள். மொமென்ட்டில் காற்று. காலத்தொடரை வைத்துக்கொண்டு யாரும் மொமென்ட்டைக் கேட்க முடியாது, அந்த மெத்தட் அங்கே இல்லை. வரிசையைக் காக்கத் தனியாக ஒரு காவலாளி தேவையில்லை, பொருளின் வகையே காக்கிறது. பாண்டாஸ் பயன்படுத்துபவர்கள் பைப் மெத்தடில் சங்கிலிபோல் கோத்துப் பழகியிருப்பார்கள். அதுவும் பழையதைத் தொடாமல் புதியதைத் தரும் இதே ஒழுக்கத்தில்தான் நிற்கிறது, ஆனால் வகையை அது காப்பதில்லை.

இந்த இடத்தில் டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதிய கட்டுரையைச் சொல்லாமல் போக முடியாது. ஒரு நிரலை ஓடும் வரிசைப்படி படிப்படியாக வெட்டுவது நல்ல பிரிப்பு ஆகாது, மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் ஒளித்து வைப்பதே நல்ல பிரிப்பு என்று வாதாடியவர் அவர். படிகளாக வெட்டுவதையே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு நேர் எதிரான வாதம் போலத் தோன்றும். நான் அப்படிப் படிக்கவில்லை. தரவு இழக்கப்படும் ஒவ்வொரு இடமும் ஒரு முடிவுதான். 64 துடிப்பு போதும் என்பது முடிவு. கட்டம் வேண்டாம் என்பது முடிவு. நிறமாலையின் வடிவம் வேண்டாம், மூன்று எண் போதும் என்பது முடிவு. நாளைக்கு ஒருவர் இரண்டு முகடுகள் உள்ள நிறமாலையிலிருந்து மழைத்துளியின் வேகத்தையும் காற்றின் வேகத்தையும் தனித்தனியாகப் பிரிக்க வருவார். அவருக்கு அந்தக் கடைசி முடிவு மட்டும்தான் மாற வேண்டும். எல்லை சரியான இடத்தில் இருந்தால் அவர் ஒரே ஒரு மெத்தடை மாற்றினால் போதும். பார்னஸ் கேட்டதும் அதைத்தான் என்பது என் எண்ணம்.

காற்றுக்கான படி சிறியது. கிழக்குக் கற்றையின் வேகத்திலிருந்து மேற்குக் கற்றையின் வேகத்தைக் கழித்து, 10 பாகையின் சைனின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். ஆனால் அந்தச் சைன் 0.17 என்பதால், தனிக் கற்றையில் நொடிக்கு ஒரு மீட்டர் பிழை கிடைக்கோட்டுக் காற்றில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகப் பெருகும். குறி விஷயத்திலும் கவனம் வேண்டும். நம்மை நோக்கி வரும் காற்று அதிர்வெண்ணைக் கூட்டும். வேகத்தை நம்மை விட்டு விலகும் திசையில் நேர்க்குறி என்று வைத்தால் எங்கோ ஓரிடத்தில் குறி திரும்ப வேண்டும். ஒரே இடத்தில்தான் திரும்ப வேண்டும். அதை நான் மொமென்ட் எடுக்கும் மெத்தடில் வைத்திருக்கிறேன், வேறெங்கும் குறியைத் திருப்ப அனுமதியில்லை.

இப்படி எல்லைகள் தெளிவாக இருந்தால் ஒவ்வொரு படியையும் தனியே சோதிக்கலாம். நிறமாலைப் படிக்குத் தெரிந்த அதிர்வெண்ணுள்ள ஒரு செயற்கை அலையைக் கொடுத்து, முகடு சரியான புள்ளியில் வருகிறதா என்று பார்க்கலாம். காலத்தொடரின் மொத்தத் திறனும் நிறமாலையின் மொத்தத் திறனும் ஒத்துப்போகின்றனவா என்று பார்செவல் தேற்றத்தை வைத்துச் சரிபார்க்கலாம். இரைச்சல் படிக்கு வெறும் வெள்ளை இரைச்சலைக் கொடுக்கலாம், நாம் போட்ட அளவு திரும்பி வர வேண்டும். சராசரி எண்ணிக்கையை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் வர வேண்டும். பலர் இதையெல்லாம் விட்டுவிட்டு, கடைசியில் வரும் காற்றை ரேடியோசாண்டு பலூனின் காற்றோடு வைத்துப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். அந்த ஒப்பீடு அவசியம்தான், ஆனால் அது முழுப் பைப்லைனுக்கான சோதனை. பலூன் காற்றோடு அடித்துக்கொண்டு போகும், மேலே ஏறுவதற்குள் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும், ரேடாரோ நின்ற இடத்தில் பார்க்கும். இரண்டும் வேறுபட்டால் எந்தப் படி காரணம் என்று அது சொல்லாது. இரண்டும் ஒத்துப்போனாலும், இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்காது என்பதற்கு உத்தரவாதமில்லை.

சேமிப்பைப் பற்றியும் இதே கணக்குதான். கூட்டிய பிறகுள்ள 76,800 கலப்பெண்களைச் சேமிக்க ஒரு கற்றைக்கு ஏறத்தாழ 600 கிலோபைட் வேண்டும். திறன் நிறமாலைக்கு அதில் பாதி. மொமென்ட்களுக்கு இரண்டு கிலோபைட்டுக்கும் குறைவு. காந்த நாடாவில் எழுதிய காலத்தில் இந்த வித்தியாசம் மலைபோல இருந்தது. இன்றைய டிஸ்க் விலையில் அப்படி இல்லை. காலத்தொடரை அழித்துவிட்டு மொமென்ட்டை மட்டும் வைத்திருக்கும் ஒரு நிலையத்தால், பத்து வருடம் கழித்து இன்னும் நல்ல இரைச்சல் வழிமுறை வந்தாலும் பழைய வருடங்களுக்கு அதைப் போட முடியாது. அந்த வருடங்களின் காற்று மறுபடி வீசாது.

ரேடார் என்றில்லை, மழைமானியோ நிலத்தடி நீர்மட்டமோ மருத்துவமனைப் பதிவேடோ எதுவாக இருந்தாலும், பைப்லைன் எழுத உட்காரும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மெத்தட் எழுதத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்து, உங்கள் தரவு எந்தெந்த இடங்களில் திரும்பி வராமல் சுருங்குகிறது என்று மட்டும் குறியுங்கள். அந்த இடங்களில் மெத்தடை முடியுங்கள். அதற்கு முன்னால் இருப்பதைச் சேமியுங்கள். அந்த இடத்தில் எடுத்த முடிவை, ஏன் எடுத்தீர்கள் என்பதோடு சேர்த்து, உங்களுக்குப் பின்னால் வருபவர் படிக்கும் மொழியில் எழுதி வையுங்கள். ரேடாரிலேயே பழக விரும்பினால் 512 புள்ளி வெள்ளை இரைச்சலை நீங்களே உருவாக்கி, ஹில்டிபிராண்ட்–சேகோன் சோதனையை எழுதிப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும்.